பைத்தியம் என்று கையெழுத்து போடுவது யார்?

காஞ்சிபுரத்தை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ஒரு நாடகம் இருக்கிறது. பெயர் மத்தவிலாச பிரகசனம். ஏழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சமஸ்கிருத நகைச்சுவை நாடகம். கதை நடப்பதும் காஞ்சிபுரத்துத் தெருக்களிலேயே தான். சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் கபாலத்தை (பிச்சை வாங்கும் மண்டையோடு) தொலைத்து விடுகிறான். நாகசேனன் என்ற புத்த பிட்சு மேல் சந்தேகப்பட்டு சண்டைக்குப் போகிறான். பஞ்சாயத்து பேச ஒரு பாசுபதர் வருகிறார். ஒன்றும் தீரவில்லை. சரி, நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், விகாரத்துப் பணம் அங்கே விளையாடி விடும் என்று காபாலிகனின் துணைவி பயப்படுகிறாள். எழுதியது ஒரு ராஜா என்பதை ஞாபகம் வைத்துக் கொண்டு இந்த இடத்தைப் படிக்க வேண்டும்!

கடைசியில் கபாலம் யாரிடம் இருக்கிறது? தெருவில் தன் பாட்டுக்குத் திரியும் ஒரு பைத்தியக்காரனிடம். ஒரு நாயிடமிருந்து அவன் அதைப் பிடுங்கி வைத்திருக்கிறான். படித்தவர்கள் எல்லாம் கட்டிப் புரண்டு கொண்டிருக்கும்போது, தேடிய பொருள் அவன் கையில் தான் இருக்கிறது.

அந்த நாடகத்தில் அவனை யாரும் பிடித்து அடைக்கவில்லை. அவனுக்குப் பைத்தியம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவு தான். அதற்கு ஒரு காகிதமும் அதில் ஒரு அதிகாரியின் கையெழுத்தும் தேவைப்படவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. ஆனால் "இவன் பைத்தியம்" என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் பிறகு வந்த ஒன்று. அந்தச் சான்றிதழின் கதை தான் இந்தக் கட்டுரை.

நம் பக்கத்தில் அது கம்பெனி காலத்தில் தொடங்குகிறது. 1794-ல் வாலன்டைன் கொனோலி என்ற கம்பெனி மருத்துவர் சென்னையில் ஒரு மனநோயாளர் விடுதியைத் தொடங்கினார். 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்றைக்கும் யாராவது கொஞ்சம் வித்தியாசமாகப் பேசினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்கிறோமே, அந்தக் கீழ்ப்பாக்கம் தான். நடுவில் 1858-ல் ஒரு சட்டம் வந்தது. தெருவில் திரிகிறவர் பைத்தியம் என்றும் ஆபத்தானவர் என்றும் போலீஸ் நினைத்தால் மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டு போகலாம். மருத்துவ அதிகாரி சான்றிதழ் கொடுத்தால் மாஜிஸ்ட்ரேட் உள்ளே அனுப்பலாம். அந்த மனிதரை வெறிநாய் மாதிரி அடித்துத் துரத்துவதை விட இது மேல் தான். மருத்துவர் பார்க்கிறார், நீதிபதி பார்க்கிறார், காகிதம் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிடித்து வருவது அரசாங்க போலீஸ். சான்றிதழ் கொடுப்பது அரசாங்க டாக்டர். உத்தரவு போடுவது அரசாங்க மாஜிஸ்ட்ரேட். பூட்டி வைப்பது அரசாங்க ஆஸ்பத்திரி. பி.காம் படிப்பவர்களுக்குத் தணிக்கைப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவதே ஆடிட்டர் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது தான். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்தால் அது தணிக்கை இல்லை. இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டிய சத்யம் கம்பெனியின் கணக்குக்கு வருடா வருடம் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. 2009 ஜனவரியில் முதலாளியே ஒப்புக் கொண்ட பிறகு தான் வெளியே தெரிந்தது. கம்பெனி விஷயத்தில் போனது பணம். மனநல சான்றிதழ் விஷயத்தில் போவது ஒரு ஆளின் வாழ்க்கை. அதிலும் அந்த ஆள் அரசாங்கத்துக்கு இடைஞ்சலானவராக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. நம் நாட்டிலேயே, கோலாப்பூரில். ஆனால் அதற்கு முன் பரோடா சமஸ்தானத்தை ஒரு எட்டு பார்த்து விட்டுப் போனால் தான் புரியும்.

பரோடா ராஜா மல்ஹார் ராவ் கெய்க்வாடுக்கும் அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் ஃபேருக்கும் ஆகாது. தன்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார் என்று ரெசிடென்ட் புகார் சொல்ல, 1875-ல் ஒரு விசாரணை கமிஷன் உட்கார்ந்தது. ஆறு பேர். மூன்று பேர் வெள்ளைக்காரர்கள், மூன்று பேர் இந்தியர்கள் (குவாலியர் ராஜா, ஜெய்ப்பூர் ராஜா, சர் தினகர் ராவ்). ராஜாவுக்காக வாதாட லண்டனிலிருந்து பாலன்டைன் என்ற பெரிய வக்கீல் வந்தார். கமிஷன் சரிபாதியாகப் பிரிந்தது. வெள்ளைக்காரர்கள் மூன்று பேரும் குற்றவாளி என்றார்கள், இந்தியர்கள் மூன்று பேரும் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அரசாங்கத்துக்குப் பெரிய சங்கடம். கடைசியில் விஷ விவகாரத்தை ஓரமாக வைத்து விட்டு, ஆட்சி சரியில்லை என்ற காரணத்தைச் சொல்லி ராஜாவை இறக்கி விட்டார்கள். அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம்ம மெட்ராசுக்கு. 1882-ல் இங்கேயே செத்தும் போனார்.

ஒரு ராஜாவை விசாரணை வைத்து இறக்குவது எவ்வளவு தலைவலி என்பதை இது எல்லாருக்கும் காட்டியது. விசாரணை என்றால் வக்கீல் வருவார், பத்திரிகை எழுதும், சாட்சி பல்டி அடிக்கும், தீர்ப்பு பிசகும். நோய் என்றால் இதெல்லாம் கிடையாது.

இப்போது கோலாப்பூர். சத்ரபதி சிவாஜியின் வம்சத்தில் ஒரு கிளை ஆண்ட சமஸ்தானம். அதன் ராஜா இரண்டாம் ராஜாராம் இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30 அன்று இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்தில் இறந்தார். வயது இருபது தான். ஆர்னோ ஆற்றங்கரையில் தகனம் செய்தார்கள், இன்றும் அங்கே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் உண்டு. வாரிசு இல்லாததால் 1871-ல் நாராயணராவ் போன்ஸ்லே என்ற எட்டு வயதுப் பையனைத் தத்து எடுத்து நான்காம் சிவாஜி என்று பெயர் வைத்தார்கள்.

பையன் சின்னவன். ஆகவே ஆட்சி நடத்தியது திவானும் பிரிட்டிஷ் பொலிடிகல் ஏஜெண்டும். இது இருக்கிறவரை பிரச்சனை இல்லை. ஆனால் பையன் வளர்வான் இல்லையா? 1863 ஏப்ரலில் பிறந்தவன், 1881-ல் பதினெட்டு. அதிகாரத்தை அவன் கையில் கொடுக்க வேண்டிய நேரம். கோலாப்பூர் ராஜாவுக்குப் புத்தி சரியில்லை என்ற பேச்சு பலமாக அடிபட்டது சரியாக இந்த நேரத்தில் தான். 1882-ல் அது அரசாங்க முடிவாகவே ஆகிவிட்டது. காகல் ஜாகீர்தார் ஜெய்சிங்ராவ் காட்கே தலைமையில் ரீஜண்ட் நிர்வாகம் ஏற்பட்டது.

பூனாவில் (இப்போது புனே) இரண்டு இளைஞர்கள் இதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் பால கங்காதர திலகர், இன்னொருவர் கோபால் கணேஷ் அகர்கர். இருவருக்கும் வயது இருபத்தைந்து, இருபத்தாறு. அப்போது தான், 1881 ஜனவரியில், கேசரி என்ற மராத்தி பத்திரிகையும் மராட்டா என்ற ஆங்கிலப் பத்திரிகையும் தொடங்கியிருந்தார்கள். ராஜாவுக்குப் பைத்தியம் இல்லை, பைத்தியம் ஆக்கப்படுகிறார், கூட இருக்கிறவர்கள் அடித்துக் கொடுமைப்படுத்துகிறார்கள், இதற்குப் பின்னால் திவான் மாதவராவ் பர்வே இருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரமாக, திவான் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் அவர்கள் கைக்கு வந்தன. அச்சில் ஏற்றினார்கள். திவான் மானநஷ்ட வழக்கு போட்டார்.

கோர்ட்டில் அந்தக் கடிதங்கள் போலி என்று ஆனது.

திலகரும் அகர்கரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனாலும் 1882 ஜூலை 17 அன்று பம்பாய் ஹைகோர்ட்டு நான்கு மாதம் வெறுங்காவல் விதித்தது. டோங்ரி ஜெயிலில் 101 நாள் இருந்துவிட்டு அக்டோபர் 26 அன்று வெளியே வந்தார்கள். ஊர்வலம், மாலை, வரவேற்பு. அகர்கர் அந்த 101 நாளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். திலகரின் மூன்று சிறைவாசங்களில் இது தான் முதலாவது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் மாண்டலே ஜெயில் வரும், வ.உ.சி.யோடு சேர்த்துப் படிக்கிறோம். டோங்ரி வராது. வந்தாலும் ஒரு வரி.

அந்தப் பையன் என்ன ஆனான்? இந்தக் கதையைச் சொல்லும் பல புத்தகங்களும் திலகர் ஜெயிலுக்குப் போனதோடு பையனை விட்டு விடுகின்றன. அவனை அகமத்நகர் கோட்டையில் கொண்டு போய் வைத்தார்கள். காவலுக்கும் கவனிப்புக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். 1883 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, கிரீன் என்ற சிப்பாயோடு நடந்த கைகலப்பில் மண்ணீரல் கிழிந்து செத்துப் போனான். வயது இருபது. ஃபுளோரன்ஸில் செத்த முந்தைய ராஜாவுக்கும் அதே இருபது.

அவனுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்தது என்றே வைத்துக் கொள்வோம். இருந்திருக்கவும் கூடும். எட்டு வயதில் பெற்றவர்களிடமிருந்து பிரித்து, பெயரையே மாற்றி, யாரிடமும் மனம் விட்டுப் பேச முடியாத அரண்மனையில் வளர்த்தால் திடமான பையனுக்கும் ஏதாவது ஆகும். அப்படியே நோய் என்றாலும், நோயாளியைக் கோட்டையில் வைத்து சிப்பாயை நர்சாகப் போடுவது எந்த ஊர் வைத்தியம்? இல்லை, நோய் இல்லை என்று வைத்துக் கொண்டால் நடந்ததற்குப் பெயர் வேறு. இரண்டில் எது என்று தீர்மானிக்க வழியே இல்லாமல் போனது தான் இங்கே கொடுமை. அரசாங்கம் சொன்னதைச் சரி பார்க்க அரசாங்கத்தைச் சேராத ஒரு டாக்டர் இல்லை. எதிர்த்துப் பேசிய பத்திரிகைகளிடம் இருந்தது போலிக் கடிதம்.

இந்த இடத்தில் திலகர் பக்தர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் சொல்லித் தான் ஆக வேண்டும். அந்தப் போலிக் கடிதங்கள் பையனுக்குச் செய்த கெடுதல் பெரிது. கடிதம் பொய் என்று ஆனதும் "ராஜா விவகாரம் முழுக்கவே பூனாக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்று சொல்ல அரசாங்கத்துக்கு வசதியாகப் போயிற்று. வழக்கு முடிந்து பதினேழு மாதத்தில் பையன் செத்தான். திலகர் தலைவரானார்.

இன்னொரு கிளைக்கதை. அவனுக்குப் பின் 1884-ல் தத்து எடுக்கப்பட்டது ரீஜண்ட் காட்கேயின் சொந்த மகன். அவர் தான் 1902 ஜூலை 26 அன்று கோலாப்பூர் அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 சதவீதம் ஒதுக்கி உத்தரவு போட்ட சாகு மகராஜ். தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு பற்றிப் பேசுகிறவர்கள் மறக்காமல் சொல்லும் பெயர். உடனே தகப்பன் தான் சதி செய்தார் என்று கிளம்ப வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. வரலாறு இப்படித்தான் கோணல் மாணலாகப் போகும் என்று வைத்துக் கொள்ளலாம்.

கோலாப்பூரில் நடந்தது ஒரு தனி ஆள் விவகாரம். இதையே ஒரு பெரிய நாடு, டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் வைத்து, வருடக்கணக்கில் தொழிற்சாலை மாதிரி நடத்தினால் எப்படி இருக்கும் என்பதை சோவியத் யூனியன் காட்டியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு சோவியத் என்றால் வழவழ தாளில் வந்த "சோவியத் நாடு" பத்திரிகை, பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட அதன் பக்கங்கள், என்.சி.பி.எச். கடையில் ஐந்துக்கும் பத்துக்கும் கிடைத்த கெட்டி அட்டைக் கதைப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்கள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை. அதே நாட்டின் இன்னொரு பக்கம் இது.

ஸ்டாலின் காலத்தில் ஆளையே காணாமல் ஆக்க முடிந்தது. அவர் செத்த பிறகு அப்படிச் செய்தால் அசிங்கம். "எங்கள் நாட்டில் அரசியல் கைதிகளே கிடையாது" என்று வெளியே சொல்லிக் கொண்டாயிற்று. அப்படியானால் அரசை எதிர்த்துப் பேசுகிறவனை என்ன செய்வது? சொர்க்கத்தில் இருந்துகொண்டே சொர்க்கத்தைக் குறை சொல்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி தான் சரியில்லை!

பியோத்தர் கிரிகொரென்கோ கதையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர், மேஜர் ஜெனரல், ராணுவக் கல்லூரி ஆசிரியர். லெனின் காட்டிய பாதையை விட்டுக் கட்சி விலகுகிறது என்று பேசியதற்காக 1964-ல் கைது. மனநோய் என்று சொல்லி சிறப்பு மனநல ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1965-ல் வெளியே விட்டார்கள். அதற்குள் ஜெனரல் பதவியைப் பறித்து சாதாரண சிப்பாய் ஆக்கி, ராணுவ பென்ஷனையும் நிறுத்தி விட்டார்கள். இங்கே தான் கணக்கு இடிக்கிறது. நோயாளி என்றால் அவர் செய்தது குற்றமில்லை, பதவியும் பென்ஷனும் அவருக்குச் சேர வேண்டும். குற்றவாளி என்றால் ஆஸ்பத்திரி எதற்கு? ஒரே ஆளை வரவுப் பக்கம் நோயாளி என்றும் பற்றுப் பக்கம் குற்றவாளி என்றும் எழுதியிருக்கிறார்கள். கிரிகொரென்கோவே இதைக் கேட்டார். பதில் இல்லை. ஜெனரலாக இருந்தவர் அதற்குப் பின் மூட்டை தூக்கிப் பிழைத்தார்.

வாயை மூடினாரா என்றால் இல்லை. 1944-ல் கிரிமியாவிலிருந்து ஒட்டுமொத்தமாக நாடு கடத்தப்பட்ட தாத்தார் மக்களுக்காகப் பேசினார். 1969 மே மாதம் தாஷ்கண்டில் மறுபடி கைது. தாஷ்கண்ட் டாக்டர்கள் பரிசோதித்து, இவருக்கு ஒரு நோயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நாணயமான டாக்டர்கள் எல்லா நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அரசாங்கம் எதிர்பார்த்தது அந்த அறிக்கை இல்லை. அவரை மாஸ்கோவில் செர்ப்ஸ்கி இன்ஸ்டிடியூட்டுக்குக் கொண்டு போய் இன்னொரு குழுவை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குழு நோய் என்றது. ஐந்து வருடம் உள்ளே இருந்து 1974-ல் தான் வெளியே வந்தார். பிறகு 1979-ல் அமெரிக்காவில் அவரே கேட்டுக்கொண்டு மனநல மருத்துவர்களிடம் பரிசோதனை செய்து கொண்டபோது, தாஷ்கண்ட்காரர்கள் சொன்னது தான் சரி என்று வந்தது.

இதற்கெல்லாம் ஒரு மருத்துவப் பெயரும் இருந்தது. ஆந்திரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி என்ற மாஸ்கோ பேராசிரியர், மெதுவாக ஊரும் மனச்சிதைவு என்று ஒரு வகை நோயை வகுத்திருந்தார். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் வருடக்கணக்கில் ஊர்ந்து கொண்டே இருக்குமாம். சமூகத்தைத் திருத்த வேண்டும் என்ற பிடிவாதம், எதற்கெடுத்தாலும் மனு எழுதுவது எல்லாம் அறிகுறிகளாம். இந்தக் கணக்கில் பார்த்தால் நம் ஊரில் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தேற மாட்டார்கள். இப்படி ஒரு இலக்கணம் இருந்தால் எல்லா டாக்டரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை என்பது தான் பயங்கரம். பாடத்தில் படித்ததை நம்பி, நல்ல மனதோடே கையெழுத்து போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் தண்டனைக் காலம் என்று ஒன்று கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு குழு வரும். கருத்தை மாற்றிக் கொண்டாயா என்று பார்க்கும். மாற்றிக் கொண்டால் குணம் தெரிகிறது, இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம். ஜெயில் கைதிக்குச் சுவரில் கோடு போட்டு நாளை எண்ணவாவது முடியும். ஹாலோபெரிடால் மருந்து, காய்ச்சலைக் கிளப்பும் சல்ஃபசின் ஊசி எல்லாம் தனி. அந்தச் சிறப்பு ஆஸ்பத்திரிகள் சுகாதாரத் துறையின் கீழ் இல்லை, போலீசை வைத்திருக்கும் உள்துறையின் கீழ் இருந்தன. 1988-ல் தான் கை மாறின.

இதை உள்ளே இருந்தே எதிர்த்தவர்களில் செம்யோன் குளூஸ்மான் என்ற இளம் உக்ரைன் மனநல மருத்துவரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கிரிகொரென்கோவுக்கு நோய் இல்லை என்று ஒரு எதிர் அறிக்கை தயாரித்தார். 1972-ல் கைதாகி ஏழு வருடம் முகாம், மூன்று வருடம் நாடு கடத்தல். இருபத்தைந்து வயதுக்காரர் ஒரு மருத்துவ அறிக்கைக்காகப் பத்து வருடம் கொடுத்திருக்கிறார். விளாதிமிர் புக்கோவ்ஸ்கி என்பவர் 1971-ல் ஆவணங்களை மேற்கு நாடுகளுக்குக் கடத்தினார். 1977-ல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவர் சங்கம் சோவியத்தைக் கண்டித்தது. ஓட்டு எத்தனை தெரியுமா? 90-க்கு 88. இரண்டே ஓட்டு வித்தியாசம்! 1983-ல், வெளியே தள்ளப்படுவோம் என்று தெரிந்ததும், சோவியத் சங்கம் தானாகவே விலகிக் கொண்டது. நடந்தது தப்பு தான் என்று ஒப்புக் கொண்ட பிறகு 1989-ல் ஏதன்ஸ் மாநாட்டில் நிபந்தனையோடு திரும்பச் சேர்த்துக் கொண்டார்கள்.

நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பின் இந்த மாதிரி நடந்ததா? எமர்ஜென்சி காலத்தில் (1975-77) எதிர்க்கட்சிக்காரர்களை ஆயிரக்கணக்கில் உள்ளே தள்ளினார்கள். சென்னை மத்திய சிறையில் அடி வாங்கிய சிட்டிபாபுவின் மரணம் தமிழ்நாட்டில் தெரிந்த விஷயம். ஆனால் அப்போது மனநோய்ச் சான்றிதழ் தேவைப்படவில்லை. காரணம் சுலபம், மிசா இருந்தது. விசாரணை இல்லாமல் அடைக்க ஒரு சட்டமே கையில் இருக்கும்போது டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

நம்மிடம் நடந்த கொடுமை வேறு வகை. இதில் திட்டம் போட்டவர் யாரும் இல்லை. 1982-ல் பீகாரின் ஹசாரிபாக் மத்திய சிறைக் கைதிகளைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போனது. நீதிபதி பகவதி அதையே மனுவாக எடுத்துக் கொண்டார். பார்த்தால் பதினாறு கைதிகள், புத்தி சரியில்லை என்று சிறையில் வைக்கப்பட்டவர்கள். சிலர் இருபது, முப்பது வருடத்துக்கும் மேலாக உள்ளே. குணமாகிப் பல வருடம் ஆகியும் யாரும் திறந்து விடவில்லை. அசாமில் மசாங் லாலுங் என்ற பழங்குடிக்காரர் 1951-ல் இருபத்து மூன்று வயதில் பிடிபட்டு தேஜ்பூர் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனார். 1967-ல் குணமாகிவிட்டார் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பாமல் கவுகாத்தி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். 2005-ல் ஒரு ரூபாய் ஜாமீனில் வெளியே வந்தபோது 54 வருடம் போயிருந்தது. அவர் மேல் இருந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. வெளியே வந்து இரண்டு வருடம் தான் உயிரோடு இருந்தார். குற்றமே செய்யாத மனநோயாளிகளை ஜெயிலில் வைப்பது சட்டவிரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது 1993-ல். அதாவது அதுவரை வைத்திருந்தார்கள்.

கிரிகொரென்கோவை அடைத்தவர்களுக்கு அவர் யார் என்று நன்றாகத் தெரியும். மசாங் லாலுங்கை அடைத்தவர்களுக்கு அவர் அங்கே இருப்பதே மறந்து போயிற்று. கதவு இருவருக்கும் ஒன்று தான். உள்ளே போக ஒரு கையெழுத்து போதும், வெளியே வர யாரைக் கேட்பது என்று எந்த ஊரிலும் எழுதி வைத்திருக்கவில்லை.

சோவியத் விவகாரம் வெடித்த பிறகு ஐ.நா.வில் பல வருடம் பேசி 1991 டிசம்பர் 17 அன்று மனநோயாளிகளின் உரிமைகள் பற்றிய ஒரு தீர்மானம் வந்தது. அதில் ஒன்று, அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்பது. கிட்டத்தட்ட அதே வாசகம் இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் இருக்கிறது. ஊரில் நிலவும் ஒழுக்கம், பண்பாடு, வேலை, அரசியல், மத நம்பிக்கை எதற்கும் ஒத்துப் போகவில்லை என்பதற்காகவும் ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது. 2018 மே 29 முதல் அமலில் உள்ள சட்டம். தெருவில் திரிகிறவரை போலீஸ் பிடித்தாலும் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தது தவறு என்றால் முறையிட, மறுஆய்வு வாரியம் ஒன்றும் உண்டு. 1858-ல் இல்லாத ஆடிட்டர் 2017-ல் வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம். காகிதத்தில்.

சட்டம் அமலுக்கு வந்து இரண்டு வருடம் கூட ஆகாத நிலையில், 2020 ஏப்ரலில், ஆந்திராவில் நர்சிபட்டணம் அரசு ஆஸ்பத்திரியின் மயக்கவியல் மருத்துவர் சுதாகர், கொரோனா நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு மாஸ்க் கூட ஒழுங்காகத் தரவில்லை என்று கேமரா முன்னால் பேசினார். உடனே சஸ்பெண்ட் ஆனார். மே 16 அன்று விசாகப்பட்டினத்தில் நடுரோட்டில், மேல்சட்டை இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டி அவரை போலீஸ் இழுத்துப் போகும் வீடியோவை நாடே பார்த்தது. குடித்துவிட்டுத் தகராறு செய்தார் என்றது போலீஸ். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து அரசு மனநல மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டார். தனக்கு நோய் இல்லை, தப்பான மருந்து தருகிறார்கள் என்று உள்ளே இருந்து எழுதினார். ஹைகோர்ட் உத்தரவில் மாஜிஸ்ட்ரேட் போய் அவரைப் பார்த்து வாக்குமூலம் வாங்கினார். அவர் உடம்பில் இருந்த காயங்கள் பற்றி மாஜிஸ்ட்ரேட் எழுதியதும் அரசு தரப்பு அறிக்கையும் ஒத்துப் போகவில்லை. மே 22 அன்று ஹைகோர்ட் விசாரணையை மாநில போலீசிடமிருந்து எடுத்து சிபிஐ-யிடம் கொடுத்தது. குடும்பத்தார் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகு ஜூன் முதல் வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். 2021 மே மாதம் மாரடைப்பில் இறந்து போனார்.